மிதிவண்டியும் மை வெற்றிலையும்

காலை ஐந்தரை மணிக்குத் தொலைக்காட்சிப் பெட்டியைத் திறந்து பாருங்கள், தோழர்களே! ஓர் அலைவரிசையில் ராசிபலன். இன்னொன்றில் வாசற்படியை எந்தத் திசைக்கு மாற்றினால் கடன் தீரும் என்று விளக்கும் வாஸ்து மேதை. அடுத்ததில் மோதிரக் கல். கல்லுக்குக் கீழே தொலைபேசி எண். அதற்கும் அடுத்ததில், பெயரில் ஓர் எழுத்தைக் கூட்டிக்கொண்டால் பெரும்பேறு வந்து சேரும் என்று பட்டுச் சட்டையுடன் வீற்றிருக்கும் எண் கணித விற்பன்னர். ஒலியையும் ஒளியையும் காற்றிலே அனுப்பக் கற்றவன் அறிவியலாளன். அவன் முதுகில் ஏறிச் சவாரி செய்பவன் சோதிடன்!

இதைச் சொல்வதால் பெட்டியையே பழிக்கிறோம் என்று எவரும் கருதிவிட வேண்டாம். நம் இல்லத்திலே இருந்த பெட்டி விலைக்கு வாங்கியது அன்று, அரசு தந்தது. 2006ஆம் ஆண்டுத் தேர்தலில் தரப்பட்ட வாக்குறுதி, அவ்வாண்டு செப்டம்பர் 15, அண்ணா பிறந்தநாளில் செயலாகத் தொடங்கி, 2011 வரையில் ஒன்றரைக் கோடிக்கும் மேற்பட்ட குடும்பங்களுக்குப் பதினான்கு அங்குல வண்ணத் தொலைக்காட்சியாகப் போய்ச் சேர்ந்தது. அப்போது எழுந்த ஏளனம் கொஞ்சமா? "வண்ணத் தொலைக்காட்சி வயிற்றை நிரப்புமா?" என்று கேட்டவர் வீட்டிலே, கூடத்தில் ஒன்று, படுக்கையறையில் ஒன்று, சமையற்கட்டில் ஒன்று என மூன்று பெட்டிகள் ஒளிர்ந்துகொண்டிருந்தன. அவர் வீட்டில் இருந்தால் அது உலகத்தைக் காட்டும் சாளரம்; பீடி சுற்றும் பெண்ணின் வீட்டில் இருந்தால் மட்டும் ஆடம்பரமோ? சாளரம் கிடைத்தது நன்று. அதன் வழியே எது தெரியவேண்டும் என்பதை விளம்பரக்காரன் முடிவு செய்ததுதான் தொல்லை.

அந்தச் சாளரத்தின் வழியே, யாரும் திட்டமிடாமல், யாரும் அழைக்காமல், ஓர் இரவு உலகம் நம் வீட்டுக்குள் வந்துவிட்டுப் போன கதையைத்தான் சொல்ல வந்தோம்.

நமதூர் முக்கூடல். முக்கூடற்பள்ளைப் படித்த தோழர்கள் உடனே பள்ளனையும் பள்ளியரையும் நினைவுகூர்வார்கள்; ஆனால் அந்தப் பள்ளுக்குரிய முக்கூடல் சீவலப்பேரிப் பக்கத்தது. நமது முக்கூடல் பீடியின் முக்கூடல். பொருநையாறு ஊரைத் தழுவி ஓடுகிறது. வயல் பச்சை பசேலென்று இருக்கிறது. ஆனால் வயலற்ற வீடுகளின் திண்ணைகளில் சுளகுகள்தாம் சோறு போட்டன. இலையை நனைத்து, தகட்டை வைத்து வெட்டி, தூளை வைத்துச் சுருட்டி, நூல் கட்டி, முனை மடக்கி, இருபத்தைந்து இருபத்தைந்தாகக் கட்டி, ஆயிரம் என்று எண்ணிக் கடைக்குக் கொண்டு போனால்தான் கூலி. பெண்களின் கண் சுளகிலே இருக்கும். காது தொலைக்காட்சியிலே இருக்கும். தொடர்நாடகத்தைத் தமிழ்நாட்டிலே காதால் 'பார்த்த' கூட்டம் ஒன்று உண்டென்றால் அது பீடி சுற்றும் கூட்டமாகத்தான் இருக்கும்.

சென்னையில் தொலைக்காட்சி நிலையம் 1975ஆம் ஆண்டு ஆகஸ்டு 15 அன்று தொடங்கிற்று. தென்கோடிக்கு அது எட்டவில்லை. கடற்கரை ஊர்களில் உயரமான கம்பம் நட்டு, 1982இல் பிறந்த இலங்கையின் ரூபவாகினியைப் பிடித்துப் பார்த்தவர்கள் உண்டு. மொழி புரியாமலேயே பார்த்தார்கள்! கொடைக்கானல் மலைமேல் கோபுரம் எழுந்த பிறகும், 1993இல் தனியார் தமிழ் அலைவரிசை பிறந்த பிறகும் நிலைமை மாறிற்று. கம்பிவடம் வந்தது, நூறு அலைவரிசைகள் வந்தன, நூறிலும் ஒரே பாட்டு வந்தது.

2009ஆம் ஆண்டு, ஐப்பசி மழை. இரவு பத்து மணிக்கு மேல் இருக்கும். மறுநாள் கணக்கு முடிக்கவேண்டியிருந்ததால் மதினி சுளகை விட்டு எழவில்லை. அடுத்த வீட்டு ஆச்சி, தன் வீட்டுக் கூரை ஒழுகுகிறதென்று நம் வீட்டுத் திண்ணையை அடைந்து, அங்கிருந்து மெல்ல மெல்லக் கூடத்துக்கு வந்து சேர்ந்திருந்தார். மழையிலே தமிழ் அலைவரிசைகள் யாவும் புள்ளி புள்ளியாகச் சிதறின. நாம் தொலைக்கருவியை அழுத்திக்கொண்டே போனோம். ஓரிடத்தில் மட்டும் படம் தெளிவாக நின்றது. கறுப்பு வெள்ளை. அயல்நாட்டு முகங்கள். அயல்மொழிப் படங்களுக்கென்று அதற்கு முந்திய ஆண்டு தொடங்கப்பட்டு, பிற்பாடு இல்லாமலே போய்விட்ட ஓர் அலைவரிசை அது. நம் கம்பிவடக்காரர் எதை எண்ணி அதை முக்கூடலுக்குக் கொடுத்தாரோ!

படம் சற்று முன்பே தொடங்கிவிட்டிருந்தது. பெயர் தெரியவில்லை, நாடு தெரியவில்லை, பேசுவது ஆங்கிலம் இல்லை என்பது மட்டும் தெரிந்தது. அடுத்த அலைவரிசைக்குப் போக விரல் எழுந்தபோது மதினி சொன்னார்: "இருக்கட்டும் தம்பி. அவ என்னத்தையோ அடகு வைக்கப் போறா."

திரையிலே ஒருத்தி கட்டிலின் விரிப்புகளை உருவுகிறாள். கணவனுக்கு வேலை கிடைத்திருக்கிறது. சுவரொட்டி ஒட்டும் வேலை. மிதிவண்டி இருந்தால்தான் வேலை. மிதிவண்டியோ அடகுக்கடையில். அதை மீட்க, வீட்டிலிருக்கும் துணி விரிப்புகளை மூட்டையாகக் கட்டிக்கொண்டு போய்ச் சாளரத்திலே நீட்டுகிறார்கள். வாங்கியவன் அந்த மூட்டையைத் தூக்கிக்கொண்டு அடுக்கிலே ஏறுகிறான். ஏறுகிறான், ஏறுகிறான், கூரை வரையில் ஏறுகிறான். அடுக்கு முழுவதும் மூட்டைகள்! ஊர் முழுவதும் தன் படுக்கையை அடகு வைத்துவிட்டுத் தரையிலே படுத்திருக்கிறது என்பதை, ஒரு சொல் பேசாமல், ஓர் ஏணியைக் கொண்டு சொல்லிவிட்டான் படமெடுத்தவன்.

ஆச்சி வாய்விட்டுச் சொன்னார்: "வெள்ளைக்காரனும் அடகு வைப்பானா?"

தோழர்களே, பத்துப் பொதுக்கூட்டத்திலே பேசினாலும் அந்தக் கேள்வியை ஆச்சியின் வாயிலிருந்து வரவழைக்க முடியுமா? அயல்நாட்டான் என்றால் ஆண்டவன், அவன் நாட்டிலே வறுமை கிடையாது, நம்மிடம் இருப்பதோ 'தலையெழுத்து' என்று எழுபதாண்டு நம்பி வந்த நெஞ்சம், ஒரு மூட்டைத் துணியைக் கண்டு அசைந்தது.

வேலையின் முதல் நாளே மிதிவண்டி களவு போகிறது. அப்பனும் ஏழெட்டு வயது மகனும் நகரமெங்கும் தேடுகிறார்கள். கதை அவ்வளவுதான். இரண்டு நாள் கதை. காவல் நிலையத்தில் எழுதிக்கொள்கிறார்கள். நீயே தேடிப் பார்த்துக்கொள் என்கிறார்கள். தொழிலாளர் கூடத்தில் கூட்டம் நடக்கிறது. மிதிவண்டி பற்றிப் பேச அங்கே நேரமில்லை. நண்பர்கள் சிலர் மட்டும் வருகிறார்கள். மாதா கோயிலில் ஏழைகளுக்கு உணவு உண்டு. ஆனால் முதலில் வழிபாடு, பிறகுதான் சாறு! திருடனுடன் பேசிய கிழவனைப் பிடிக்க அந்த அப்பன் அங்கே நுழைகிறான். வழிபாட்டுக்கு இடையூறு என்று கனவான்களும் சீமாட்டிகளும் அவனை அடக்குகிறார்கள். கிழவன் நழுவி ஓடிவிடுகிறான். எவரும் கொடியவர் இல்லை. எவர் கையிலும் சாட்டை இல்லை. ஆனாலும் ஒரு கதவும் திறக்கவில்லை.

இங்கே சிறிது நிறுத்தி நம் வீட்டுக் கதையைச் சொல்லவேண்டும். இந்தப் படம் வருவதற்கு ஈராண்டுக்கு முன்பு நம் அண்ணனின் மிதிவண்டி முற்றத்திலிருந்தே களவு போயிற்று. பீடிக்கட்டைக் கடைக்குக் கொண்டுபோவதும் அதிலே, பிள்ளையைப் பள்ளிக்குக் கொண்டுபோவதும் அதிலே. மதினி நமக்குத் தெரியாமல் ஒரு மை போடுகிறவரிடம் போனார். வெற்றிலை, பாக்கு, தேங்காய், பழம், மேலே 151 ரூபாய். வெற்றிலையில் மையைத் தடவி உற்றுப் பார்த்த அந்தப் பெருமகன், "தெற்கே போயிருக்கிறது. தண்ணீருக்குப் பக்கத்தில் இருக்கிறது. எடுத்தவன் உயரமான ஆள்" என்று அருளினார். பொருநைக் கரையிலே, கால்வாய்களும் குளங்களும் நிறைந்த சீமையிலே, தண்ணீருக்குப் பக்கத்தில் இல்லாத பொருள் எது? ஒரு வாரம் வேலையை விட்டுவிட்டு அண்ணன் குளக்கரை குளக்கரையாக நடந்தார். மிதிவண்டி வரவில்லை. மை போட்டவர் மீதும் குற்றமில்லை என்று மதினி வாதிட்டார்: நாம் போகத் தாமதித்துவிட்டோமாம், அதற்குள் இடம் மாற்றிவிட்டார்களாம்! நாம் பகுத்தறிவு பேசினோம், புள்ளிவிவரம் பேசினோம், பெரியார் சொன்னதை எடுத்துச் சொன்னோம். அவர் முனை மடக்கிக்கொண்டே கேட்டுக்கொண்டிருந்தார். அவ்வளவுதான்.

இப்போது திரைக்கு வாருங்கள். அந்த ஊரிலும் ஒரு குறிகாரி இருக்கிறாள். படத்தின் தொடக்கத்தில் மனைவி அவளுக்குக் காணிக்கை கொடுக்கப் போகிறாள். கணவன் அவளைக் கேலி செய்து இழுத்து வருகிறான். தேடித் தேடிக் களைத்த பின்பு, கேலி செய்த அதே கணவன், மகனின் கையைப் பிடித்துக்கொண்டு அதே மாடிப்படி ஏறுகிறான்! அறிவு தோற்றதாலா ஏறினான்? இல்லை; காவல் நிலையம், தொழிலாளர் கூடம், கோயில் என எல்லா வாசலும் அடைத்துக்கிடந்ததால் ஏறினான். திறந்திருந்த வாசல் அது ஒன்றுதான். மூடநம்பிக்கை மடமையிலே முளைப்பது மட்டுமன்று, கைவிடப்பட்ட நிலையிலும் முளைக்கிறது என்பதற்கு அந்தப் படிக்கட்டைவிடத் தெளிவான விளக்கத்தை நாம் எந்த ஏட்டிலும் படித்ததில்லை.

அந்தக் குறிகாரி என்ன சொன்னாள்? கீழே ஓடிய ஆங்கில எழுத்துக்களை அதுவரையில் நாம் அரைகுறையாகத்தான் தமிழாக்கிச் சொல்லிக்கொண்டிருந்தோம், தேவையும் ஏற்படவில்லை. அந்த இடத்தில் மதினி சுளகைக் கீழே வைத்துவிட்டார். "என்ன சொல்லுதா தம்பி?" என்றார். இன்றே கிடைத்தால் கிடைக்கும், இல்லையேல் ஒருபோதும் கிடைக்காது என்கிறாள், என்றோம்.

அவன் காசைக் கொடுத்துவிட்டுக் கீழே இறங்குகிறான். தெருவிலே, எதிரிலே, அந்தத் திருடன்!

ஆச்சிக்கு உடம்பெல்லாம் மகிழ்ச்சி. "பாத்தியளா! அவ சொன்னது பலிச்சிட்டுல்லா! ஒடனே கெடச்சிட்டாம்லா!"

நமக்குச் சற்று எரிச்சல்தான். இத்தனை நேர்மையாகப் படம் எடுத்தவன், இந்த இடத்திலே இப்படியொரு தற்செயலை ஏன் வைத்தான்? குறிகாரிக்குக் கொண்டாட்டம் தேடித் தந்துவிட்டானே! மறுமொழி சொல்ல வாயெடுத்தோம். அதற்குள் மதினி பேசிவிட்டார்.

"கெடச்சது களவாணிதானே ஆச்சி. சைக்கிள் எங்க?"

ஆச்சி வாயை மூடிக்கொண்டார். மதினி நிறுத்தவில்லை. "இன்னைக்குக் கெடைக்கும், இல்லைன்னா என்னைக்கும் கெடைக்காது. இதச் சொல்ல அவளுக்கு எதுக்குத் துட்டு? இத நாஞ் சொல்லுவேனே!" பிறகு, குரலைத் தாழ்த்தி, யாரிடமும் சொல்லாதது போல, "நூத்தம்பத்தோரு ரூவா" என்றார்.

ஈராண்டு நாம் பேசிய பேச்சு செய்யாததை, இத்தாலி நாட்டுக் குறிகாரி ஒரே வாக்கியத்தில் செய்துவிட்டாள். தன்னுடைய மூடநம்பிக்கையை மனிதன் தன் முகத்திலே காண்பது கடினம். அயலான் முகத்திலே அது பளிச்சென்று தெரிந்துவிடுகிறது.

திருடனைப் பிடித்தும் பயனில்லை. அவனும் வறியவன், வலிப்பு வந்து தெருவிலே விழுகிறான், அக்கம்பக்கத்தார் அவனுக்காகத் திரள்கிறார்கள், சான்று இல்லை என்கிறார் காவலர். கடைசியில், பந்தாட்டத் திடலுக்கு வெளியே நூற்றுக்கணக்கான மிதிவண்டிகள் வரிசையாக நிற்க, அந்த அப்பன் தானே ஒன்றைத் திருடுகிறான். ஓட்டக்கூட முடியவில்லை, கூட்டம் பிடித்துவிடுகிறது, மகனின் கண்முன்னே அறைகிறார்கள். வண்டிக்காரர் அந்தச் சிறுவனைப் பார்த்துவிட்டு, விட்டுவிடுங்கள் என்கிறார். அப்பன் அழுதுகொண்டு நடக்கிறான். மகன் அவன் கையைப் பற்றிக்கொள்கிறான். கூட்டத்திலே மறைகிறார்கள். முடிந்தது. ஆச்சி, "அம்புட்டுத்தானா? அவனுக்கு வேலை?" என்று கேட்டார். மழை விட்டிருந்தது. நமக்கு விடை தெரியவில்லை.

படத்தின் பெயரே தெரியாமல் சில மாதங்கள் கழிந்தன. பாளையங்கோட்டை நூலகத்தில் ஒரு திரைப்பட நூலைப் புரட்டியபோது, நடைபாதையின் விளிம்புக் கல்லிலே தலைகுனிந்து அமர்ந்திருக்கும் அப்பனும், அவன் அருகே அந்தச் சிறுவனும் ஒரு பக்கத்திலிருந்து நம்மைப் பார்த்தார்கள். 'மிதிவண்டித் திருடர்கள்'. 1948. இயக்கியவர் வித்தோரியோ டி சிகா. திரைக்கதையில் முதன்மையான பங்கு செசாரே சவாத்தினிக்கு. 'திருடர்கள்' என்ற பன்மையைக் கவனியுங்கள்! அமெரிக்காவில் இதை வெளியிட்டவர்கள் ஒருமையாக்கிவிட்டார்கள். ஒருமையாக்கினால் குற்றம் ஒருவனோடு முடிந்துவிடுகிறதல்லவா? பன்மையிலே அப்பனும் இருக்கிறான். அவனைத் திருடனாக்கிய ஊரும் இருக்கிறது. இன்னொரு செய்தி நம்மை வாய்விட்டுச் சிரிக்க வைத்தது. களவு போன மிதிவண்டியின் பெயர் 'ஃபீடேஸ்'. இலத்தீனில் அதற்கு 'நம்பிக்கை' என்று பொருள்!

பணம் தர முன்வந்த அமெரிக்கப் படமுதலாளி டேவிட் செல்ஸ்னிக், நாயகனாக கேரி கிராண்ட் என்னும் பேரழகர் நடிக்கவேண்டும் என்றார். டி சிகா மறுத்துவிட்டார். ஆலைத் தொழிலாளி லம்பெர்த்தோ மஜ்ஜொரானியை அப்பனாக்கினார். சிறுவன் என்சோ ஸ்தயோலாவை மகனாக்கினார். அந்தச் சிறுவன் 85 வயது முதியவராக 2025ஆம் ஆண்டு ஜூன் மாதம் மறைந்தார். அமெரிக்கத் தணிக்கையினர், சிறுவன் சுவரோரம் சிறுநீர் கழிக்க முனையும் காட்சியையும், திருடனைத் துரத்திக்கொண்டு விலைமகளிர் இல்லத்துக்குள் நுழையும் காட்சியையும் வெட்டச் சொன்னார்கள். அதற்கும் அவர் இணங்கவில்லை. சொந்த நாட்டிலும் அவருக்கு மாலை மரியாதை மட்டுமே கிடைத்துவிடவில்லை. வறிய முதியவர் ஒருவரைப் பற்றி 1952இல் அவர் கொடுத்த 'உம்பெர்த்தோ டி.' படத்துக்காக, ஆட்சியிலிருந்த அந்திரையோத்தி, நாட்டுக்கு நற்பெயர் தேடவில்லையே என்ற பொருள்பட ஏட்டிலே கடிதம் எழுதினார். வறுமையை ஒழிக்க முடியாதவர்கள் வறுமையைக் காட்டுபவனை ஒழிக்க முயல்வது எல்லா நாட்டிலும் நடப்பதுதான்.

நம்மைத் திடுக்கிட வைத்தது இதுதான்: இந்தியாவின் முதல் அனைத்துலகத் திரைப்பட விழா 1952ஆம் ஆண்டின் தொடக்கத்தில் நடந்தபோது, பம்பாயிலிருந்து சென்னைக்கும் வந்தது, அதிலே இந்தப் படமும் இருந்தது. சென்னையிலிருந்து முக்கூடலுக்கு அறுநூறு கிலோமீட்டருக்கு மேல். அந்தத் தொலைவைக் கடக்க ஒரு படத்துக்கு ஐம்பத்தேழு ஆண்டுகள் ஆயின!

அதே 1952இல், அக்டோபர் 17 அன்று வெளிவந்தது 'பராசக்தி'. பர்மாவிலிருந்து திரும்பிய குணசேகரன் சென்னையிலே உடைமையைப் பறிகொடுத்துத் தெருவிலே நிற்கிறான். அந்தோனியோவும் தெருவிலேதான் நிற்கிறான். ஒருவன் கோயிலை நோக்கிக் குரல் எழுப்புகிறான். மற்றவன் கோயிலுக்குள் குரல் அடக்கப்படுகிறான். இரண்டையும் ஒப்பிட்டு, 'நம்மவர் பேசிக்கொண்டேயிருந்தார்கள், அவர்கள் கலை படைத்தார்கள்' என்று உதட்டைப் பிதுக்கும் மேதாவிகள் உண்டு. அவர்களோடு நாம் உடன்படவில்லை. நூற்றாண்டுக் கணக்கில் வாய் கட்டப்பட்டிருந்த மக்களுக்கு முதலில் வேண்டியது வாய்! கலைஞரின் பேனா அதைத் தந்தது. ஆனால் பின்வந்தவர்கள் சிலர் நெருப்பை விட்டுவிட்டு ஓசையை மட்டும் எடுத்துக்கொண்டார்கள் என்பதும் உண்மை. ஏணியில் ஏறும் ஒரு மூட்டை போதும் என்ற இடத்தில் அவர்கள் மூன்று பக்க வசனம் எழுதினார்கள்.

வடக்கே பிமல் ராய் இதைப் பார்த்த ஊக்கத்தில் 1953இல் 'தோ பீகா ஜமீன்' எடுத்தார். இலண்டனில் இதைப் பார்த்த சத்யஜித் ராய் 1955இல் 'பாதேர் பாஞ்சாலி' தந்தார். தமிழிலே 2007இல் வந்த வெற்றிமாறனின் 'பொல்லாதவன்' இதன் வழித்தோன்றல் என்று சொன்னவர்களும் உண்டு. அந்த நாயகன் விசைவண்டியைத் தேடுகிறான், அடித்து நொறுக்குகிறான். அடிபட்டுக் கைகட்டி நிற்கும் அப்பனைத் தமிழ்த் திரை இன்னும் அவ்வளவாகத் தாங்கிக்கொள்வதில்லை.

பின்னர் ஒரு குறுந்தகட்டைத் தேடி வாங்கி, ஊர்ப் படிப்பகத்திலே ஒரு வெள்ளை வேட்டியைக் கட்டி, அந்தப் படத்தைக் காட்டினோம். நாற்பது பேர் இருக்கலாம். முன்வரிசையில் பீடி சுற்றும் பெண்கள். ஆங்கில எழுத்தை எத்தனை பேர் படிப்பது? இளம் ஆசிரியர் ஒருவரும் நாமும் திரையின் இருபுறம் நின்று, ஒருவர் ஆண்பேச்சையும் மற்றவர் பெண்பேச்சையும் தமிழிலே சொன்னோம். இத்தாலியன் குரலையும் அடக்கவில்லை, தமிழையும் விட்டுக்கொடுக்கவில்லை. குறிகாரி பேசும் இடம் வந்தபோது மதினி முன்வரிசையிலிருந்து நம்மை முந்திக்கொண்டு அந்த வாக்கியத்தைச் சொல்லிவிட்டார். கூடம் சிரித்தது.

படம் முடிந்ததும் இளைஞர் ஒருவர் சினத்தோடு எழுந்தார். "இதிலே முதலாளியே வரவில்லையே! யாரை எதிர்க்கச் சொல்கிறான்? கடைசியில் இரக்கப்பட்டு விட்டுவிடுகிறானே, இது சமரசம் இல்லையா?" என்றார். நல்ல கேள்வி. முதலாளியைக் காட்டியிருந்தால், படம் பார்ப்பவன் அவனைத் திட்டிவிட்டு நிம்மதியாக உறங்கியிருப்பான் என்று ஒருவர் சொன்னார். அப்படியானால் நம் நாடகங்களெல்லாம் உறக்க மருந்தா என்று இளைஞர் திருப்பினார். மிதிவண்டிக் கடை வைத்திருக்கும் தோழர், "அந்த வண்டியை உதிரி உதிரியாகக் கழற்றி விற்றிருப்பான், அன்றைக்கே தேடியும் பயனில்லை" என்று தொழிலறிவோடு தீர்ப்புச் சொன்னார். வாதம் ஒன்பதரை மணி வரை நீண்டது. எவரும் எவருக்கும் தோற்கவில்லை.

கடைசியில் ஒரு பெண்மணி, "நெசமாவே அந்த ஆளு வேலைக்காரந்தானா? படத்துக்கு அப்புறம் நல்லா இருந்தாரா?" என்று கேட்டார். படித்திருந்ததைச் சொன்னோம். படம் முடிந்து அவர் ஆலைக்குத் திரும்பினார், ஆட்குறைப்பு வந்தது, வேலை போயிற்று, சில சிறு வேடங்களில் நடித்தார், 1983இல் மறைந்தார்.

சிறிது நேரம் எவரும் பேசவில்லை. பிறகு ஒவ்வொருவராக எழுந்தார்கள். வெளியே, சுவரோரம் சாத்தியிருந்த மிதிவண்டிகளின் பூட்டுகள் ஒன்றன்பின் ஒன்றாகத் திறக்கும் ஓசை கேட்டது.